மாடித்தோட்டப் பயிற்சியில் கைக்கு என்ன வேலை?

சென்னையில் மாடித்தோட்டப் பயிற்சிகளுக்குப் பஞ்சமில்லை. ஞாயிற்றுக்கிழமை என்றால் ஏதாவதொரு சமுதாயக் கூடத்திலோ பள்ளி வளாகத்திலோ ஒன்று நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் நான் போய்ப் பார்த்தவற்றில் பெரும்பாலானவை ஒரே வார்ப்பில் இருந்தன: திரையில் படங்கள், இரண்டு மணி நேரச் சொற்பொழிவு, தேநீர், கேள்வி நேரம், சான்றிதழ், வெளியே வரும் வழியில் விற்பனை மேசை. வந்தவர்கள் குறிப்பேடு நிறைய எழுதிக்கொண்டு, ஒரு விதைப் பொட்டலத்தோடு வீடு திரும்புகிறார்கள். அந்தக் காலைப்பொழுதில் அவர்களில் ஒருவர்கூட ஒரு விதையை ஊன்றியிருக்க மாட்டார், ஓர் இலையைப் புரட்டிப் பார்த்திருக்க மாட்டார். தோட்ட வேலையில் சொல்லிப் புரியவைக்கக்கூடிய பகுதி சிறியது. அந்தப் பகுதியும் இன்று கைப்பேசியில் இலவசமாகக் கிடைக்கிறது. அப்படியிருக்க, இத்தனை பேர் ஓரிடத்தில் கூடுவது வீட்டில் தனியாக உட்கார்ந்து கற்க முடியாத ஒன்றுக்காகத்தான் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

இந்தக் கட்சி ஒன்றும் புதியதன்று. 1973இல் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் மோகன் சிங் மேத்தா தலைமையில் அமைத்த குழு, உழவர்களுக்கான பயிற்சி வேலை செய்தே கற்கும் முறையில் அமைய வேண்டும் என்ற அடிப்படையில்தான் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கு வடிவம் கொடுத்தது. நாட்டின் முதல் நிலையம் 1974இல், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில், புதுச்சேரியில் தொடங்கப்பட்டது. நகரத்து வீடுகளின் பக்கம் அரசின் பார்வை திரும்பியது அதற்கு வெகுகாலம் கழித்துத்தான். 2013-14இல் தோட்டக்கலைத் துறை சென்னையிலும் கோவையிலும் மாடித்தோட்டத் தளைகளை, அதாவது தொடக்கப் பொருள்கள் அடங்கிய தொகுப்புகளை, மானிய விலையில் வழங்கத் தொடங்கியது. தென்னை நார்க்கழிவு, செடிப்பைகள், காய்கறி விதைகள், உயிர் உரங்கள் என்று தொடங்குவதற்கு வேண்டியவை எல்லாம் அந்தத் தளையில் ஒருசேரக் கிடைத்தன. கிண்டியில் உள்ள பல்கலைக்கழகத் தகவல் மற்றும் பயிற்சி மையமும் குறுகிய காலப் பயிற்சிகளை நடத்திவருகிறது. ஆகவே பொருளுக்கும் தகவலுக்கும் நகரத்தில் இன்று வழி இருக்கிறது. கைப்பழக்கத்துக்குத்தான் அக்கம்பக்கத்தார் ஒருவருக்கொருவர் துணையாக வேண்டியிருக்கிறது.

எங்கள் பகுதியில் செடி வளர்க்கும் சிலர் சேர்ந்து, மாதத்தில் ஒரு ஞாயிறு, யாராவது ஒருவருடைய மொட்டை மாடியில் கூடுவதை வழக்கமாக வைத்திருக்கிறோம். கட்டணம் கிடையாது, மேடை கிடையாது. பதினைந்து பேருக்குமேல் சேர்ப்பதில்லை. ஒரு பாகல் கொடியைச் சுற்றி அதற்குமேல் ஆட்கள் நின்றால் பின்னால் இருப்பவர்களுக்கு முன்னால் இருப்பவரின் முதுகுதான் தெரியும். ஒவ்வொரு கூடுகையிலும் ஒரே ஒரு வேலை. அந்த வேலையை வந்தவர் எல்லோரும் தம் கையால் ஒரு முறையாவது செய்துவிட்டுத்தான் படியிறங்க வேண்டும்.

முதல் வேலை எப்போதும் மண்கலவைதான். செம்மண், நார்க்கழிவு, மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கு என்று பட்டியல் சொல்வது எளிது. ஆளுக்கொரு விகிதமும் சொல்வார்கள், அவற்றில் பெரும்பாலானவை பலன் தருகின்றன. பட்டியலில் வராத இரண்டு செய்திகளால்தான் புதியவர்களின் செடிகள் செத்துப்போகின்றன. ஒன்று, கட்டியாக வரும் நார்க்கழிவை ஊறவைத்து அப்படியே பயன்படுத்துவது. அதில் உப்பு இருக்கக்கூடும்; ஊறிய நீரை வடித்துவிட்டு, சாயம் இறங்குவது குறையும்வரை இரண்டு மூன்று முறை அலசிப் பிழிய வேண்டும். இந்த அலசலை வாளியில் ஒருவர் செய்து, வடிந்த தேநீர் நிறத் தண்ணீரை மற்றவர்கள் பார்த்துவிட்டால் பிறகு எவரும் அந்த வேலையைத் தவிர்ப்பதில்லை. மற்றொன்று ஈரத்தின் அளவு. கலவை புட்டு மாவின் பதத்தில் இருக்க வேண்டும்: பிடித்தால் பிடிபட வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். விரலிடுக்கில் நீர் சொட்டினால் அது அதிகம். இதைக் கேட்ட மாத்திரத்தில் தலையாட்டுகிறவர்களில் பலர், கையில் அள்ளிப் பிடிக்கும்போது தங்கள் வீட்டுப் பைகள் எவ்வளவு சொதசொதவென்று கிடக்கின்றன என்பதை அறிகிறார்கள். மாடியில் செடிகள் தண்ணீர் இல்லாமல் வாடுவதைவிடத் தண்ணீர் மிகுந்து வேர் அழுகுவதே அதிகம் என்பது என் அனுபவம்.

விதைப்பில் பெரிய நுட்பம் ஏதும் இல்லை என்றாலும், பருமனைப் போல் இரு மடங்கு ஆழம் என்ற பொது விதியை விரல் பழகிக்கொள்ளச் சற்று நேரம் பிடிக்கிறது. வெண்டை, அவரை, பூசணி விதைகளை நேரே பையில் ஊன்றுகிறோம். தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியவற்றைக் குழித்தட்டில் இட்டு நாற்றாக்குகிறோம். தக்காளி நாற்று ஏறக்குறைய 25 நாட்களில் நடவுக்கு வந்துவிடும். மிளகாய்க்கு 40 நாட்களாவது வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் மூன்றையும் ஒரே நாளில் பிடுங்கி நட்டுவிட்டு மிளகாயைக் குறை சொல்பவர்கள் உண்டு. கீரை விதையைப் பொடிமணலோடு கலந்து தூவச் சொல்கிறோம். தண்டுக்கீரை விதையை வெறுங்கையால் தூவினால் ஒரு மூலையில் காடும் மறு மூலையில் பொட்டலும்தான் மிஞ்சும்.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கலையும் சொல்ல வேண்டும். வேளாண் கையேடுகள் வயலுக்காக எழுதப்பட்டவை. நோயைத் தடுக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடியான சூடோமோனாஸை விதைமேல் பூசும் விதைநேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்று அவை சொல்லும்போது, கையில் இருபது கத்தரி விதையை வைத்துக்கொண்டு நிற்கும் இல்லத்தரசி என்ன செய்வார்? வடிகஞ்சியில் ஒரு சிட்டிகைப் பொடியைக் குழைத்து, விதைமேல் மெல்லிய பூச்சாகப் படியும்படி புரட்டி, நிழலில் அரை மணி நேரம் உலர்த்தினால் போதும் என்று செய்துகாட்டுவது ஐந்து நிமிட வேலை. ஏக்கர் கணக்கைத் தொட்டிக் கணக்காக்கும் இத்தகைய சின்னச் சின்ன வேலைகளுக்காகவே உள்ளூர்க் கூடுகை தேவைப்படுகிறது.

கொடிக் காய்கறிகளைப் பற்றிய கூடுகைக்குத்தான் எப்போதும் ஆள் அதிகம். “பூ பூத்துக் கொட்டுகிறது, ஒரு காய்கூட நிற்கவில்லை” என்ற புலம்பல் பாகல், பீர்க்கு, புடல், சுரை, பூசணி வளர்க்கும் எல்லா வீடுகளிலும் கேட்பது. இவற்றில் ஆண் பூவும் பெண் பூவும் ஒரே கொடியில் தனித்தனியாகப் பூக்கின்றன. தொடக்கத்தில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்களே. பெண் பூவின் இதழுக்குக் கீழே விரல் நுனி அளவில் ஒரு பிஞ்சு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆண் பூவுக்கு வெறும் காம்புதான். மூன்றாவது மாடிக்குத் தேனீ ஏறி வராத கட்டடங்களில் நாமே தேனீயின் வேலையைச் செய்ய வேண்டும். அன்று மலர்ந்த ஆண் பூவைக் கிள்ளி, இதழ்களை உரித்துவிட்டு, நடுவில் மஞ்சள் பொடி படிந்த பகுதியைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில் மெதுவாகத் தொட்டுத் தடவ வேண்டும். பொடி அங்கே படிந்திருப்பதைக் கண்ணால் பார்க்கலாம். அதைப் பார்த்த பிறகுதான் வேலை முடிந்தது என்று கைக்குத் தெரிகிறது.

ஆனால் இதற்கு நேரம் முக்கியம். பூசணியும் பாகலும் அதிகாலையில் மலர்பவை. பூசணிப் பூ வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும். பீர்க்கு பிற்பகல் சாயும் வேளையிலும், சுரை மாலையிலும், புடல் இருட்டிய பின்னும் இதழ் விரிக்கின்றன. காலை பத்து மணிக்குச் செயல்முறைப் பயிற்சி என்று அறிவித்துவிட்டு, கூம்பிப் போன பூவைப் பிரித்துக் காட்டுகிறவரிடம் எவரும் எதையும் கற்றுக்கொள்ள முடியாது. நாங்கள் இந்த ஒரு கூடுகையை மட்டும் இரண்டாகப் பிரித்து, விடியற்காலையில் பூசணிக்கும் பாகலுக்கும், அதே நாள் மாலையில் சுரைக்கும் பீர்க்குக்கும் என்று வைத்துக்கொள்கிறோம். காலையில் வந்தவர்கள் மாலையில் வருவதில்லை என்ற குறை இருந்தாலும், பூவின் நேரத்துக்கு நாம்தான் போக வேண்டும். தக்காளிக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. ஆணும் பெண்ணும் ஒரே பூவில் இருப்பதால், காலையில் கொத்தை விரலால் சுண்டிவிட்டாலே போதும். சித்திரை, வைகாசியில் இரவிலும் வெக்கை தணியாதபோது எவ்வளவு சுண்டினாலும் பூ உதிரத்தான் செய்யும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். இல்லாவிட்டால் அந்தப் பழி உரத்தின் மேல் விழுகிறது.

பழச்செடிகளில் விண்பதியன் கட்டுவதைப் போல், அதாவது கிளையைச் செடியில் இருக்கும்போதே வேர்விடச் செய்து பிறகு வெட்டி எடுப்பதைப் போல், கையால் மட்டுமே கற்கக்கூடிய வேலை வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. கொய்யா, எலுமிச்சை, மாதுளை மூன்றுக்கும் இது ஒத்துவரும். பென்சில் தடிப்புள்ள, நோயில்லாத ஒரு கிளையைத் தேர்ந்து, ஏறக்குறைய ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு வளையக் கீறல்கள் போட்டு, அவற்றை இணைத்து நீளவாக்கில் ஒரு கீறல் கீறினால், இடையில் உள்ள பட்டை ஒரு துண்டாக உரிந்து வந்துவிடும். பலரும் இத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். உரித்த இடத்தில் தொட்டால் வழவழப்பாக ஒரு மெல்லிய பசுமைப் படலம் இருக்கும். அதைக் கத்தி முனையால் சுரண்டி எடுக்காவிட்டால் இரு பக்கத்துப் பட்டையும் மறுபடி கூடிக்கொள்ளும், வேர் விடாது. வழவழப்பு இருக்கிறதா, போய்விட்டதா என்பது விரலுக்கு மட்டுமே தெரியும் செய்தி. அதன் பிறகு ஈரமான நார்க்கழிவைக் கைப்பிடி அளவு வைத்துப் பொதிந்து, பாலித்தீன் தாளைச் சுற்றி, இரு முனைகளையும் நீர் புகாமல் இறுக்கிக் கட்ட வேண்டும். மழைக்காலத்தில் 45 முதல் 60 நாட்களுக்குள் தாளின் ஊடாக வெள்ளை வேர்கள் தெரியும். அவை சற்றுப் பழுப்பேறிய பின் கிளையை வெட்டி, பையில் நட்டு, சில வாரங்கள் நிழலில் வைத்துத் தேற்ற வேண்டும்.

இதை நேராக மரத்தில் செய்ய விடுவதில்லை. கவாத்து செய்தபோது, அதாவது கிளைகளை வெட்டிச் சீர்படுத்தியபோது, கிடைத்த கழிவுக் குச்சிகளை ஆளுக்கு நான்கைந்து கொடுத்து முதலில் பழக விடுகிறோம். ஒரு கூடுகையில், கட்டுமானத் துறையில் பொறியாளராக இருக்கும் ஒருவர் கத்தியை அழுத்தி அழுத்திக் குச்சிகளை ஒடித்துக்கொண்டே இருக்க, எதிரில் அமர்ந்திருந்த எழுபதைத் தாண்டிய அம்மையார் முதல் குச்சியிலேயே பட்டையை முழு வளையமாக உரித்துத் தரையில் வைத்தார். ஆயுள் முழுவதும் வாழைத்தண்டை நறுக்கி விரலில் நார் சுற்றிப் பழகிய கை அது. “அழுத்தாதீங்க தம்பி, கத்தியைச் சும்மா வெச்சுட்டு குச்சியைத் திருப்புங்க” என்று அவர் சொன்ன பிறகுதான் பொறியாளருக்கும் வந்தது. அந்த அம்மையார் அதற்கு முன் பதியன் கட்டியதே இல்லை. பயிற்சி கொடுப்பவர், பெறுபவர் என்ற பிரிவினை இத்தகைய கூட்டங்களில் நெடுநேரம் நிற்பதில்லை.

கவாத்தைப் பற்றி ஒரு வரி. கொய்யா புதுத் துளிரில் காய்ப்பதால் அதை அஞ்சாமல் வெட்டலாம். மாமரம் முதிர்ந்த கிளையின் நுனியில் பூப்பதால், காய்ப்பு முடிந்த கையோடு வெட்டாமல் கார்த்திகையில் கத்தரியை எடுத்தால் அந்த ஆண்டுப் பூ கத்தரியோடு போயிற்று. முருங்கையை ஏறக்குறைய 75 செ.மீ. உயரத்தில் நுனி கிள்ளினால்தான் பக்கக் கிளை வெடிக்கும். வளர்ந்து நிற்கும் செடியின் கழுத்தைக் கிள்ளப் புதியவர்களுக்கு மனம் வருவதில்லை, பக்கத்தில் ஒருவர் நின்று “கிள்ளுங்கள்” என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

பூச்சி மேலாண்மைக் கூடுகையில் மருந்து தெளிப்பதற்கு முன் அரை மணி நேரம் வெறுமனே இலைகளைப் புரட்டிப் பார்க்கச் சொல்கிறோம். கண்ணாடிக் கடையில் வாங்கிய சில உருப்பெருக்கிகள் உண்டு. அசுவினி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி ஆகியவற்றைப் பிரித்தறியவும், அவற்றிடையே மேய்ந்து அவற்றைத் தின்றுகொண்டிருக்கும் பொறிவண்டின் புழுவை அடையாளம் காணவும் இது உதவுகிறது. முதலை வடிவில் கறுப்பும் ஆரஞ்சுமாக இருக்கும் அந்தப் புழுவைத் தீங்கு செய்யும் பூச்சி என்று நினைத்து நசுக்காதவர் அரிது. பெரும்பாலும் இந்த இடத்தில் பப்பாளி மாவுப்பூச்சியின் கதையைச் சொல்கிறேன். 2008இல் கோவையில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட அந்தப் பூச்சி, பப்பாளியோடு நில்லாமல் மல்பெரியையும் மரவள்ளியையும் சூறையாடியது. எந்த மருந்துக்கும் முழுமையாக அடங்கவில்லை. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து தருவிக்கப்பட்ட, கண்ணுக்கு எளிதில் புலப்படாத ஒட்டுண்ணிக் குளவிகளைத் தோட்டங்களில் விட்ட பிறகே அது கட்டுக்குள் வந்தது. பதினைந்து பைகள் உள்ள மாடியிலும் இதே கணக்குதான் நடக்கிறது என்பதால், கண்டதற்கெல்லாம் தெளிப்பானைத் தூக்க வேண்டாம் என்கிறோம்.

தெளிக்கத்தான் வேண்டும் என்றால் வேப்பெண்ணெய். லிட்டருக்கு 5 மி.லி. என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் எண்ணெயை நேராகத் தண்ணீரில் ஊற்றினால் அது மேலே மிதந்து, தெளிப்பானில் முதலில் வெறும் நீரும் கடைசியில் இலையைக் கருக்கும் எண்ணெயும் வரும். முதலில் எண்ணெயையும் சோப்புக் கரைசலையும் குழைத்து, பிறகு சிறிது சிறிதாகத் தண்ணீர் சேர்த்துப் பால் நிறம் வரும்வரை கலக்க வேண்டும். வெயில் தாழ்ந்த பின், இலையின் அடிப்புறத்தில் படும்படி தெளிக்க வேண்டும். பஞ்சகவ்யா, மீன் அமிலம், ஐந்திலைக் கரைசல் ஆகிய இயற்கைக் கரைசல்களுக்கும் எங்களிடையே பற்றாளர்கள் உண்டு. செய்முறையைக் காட்டச் சொல்லுவோம், வாசனையைப் பொறுத்துக்கொள்வோம், ஆனால் பாதிப் பைகளுக்கு மட்டும் தெளித்து மீதியை அப்படியே விட்டு வைக்கச் சொல்லுவோம். அடுத்த மாதம் எல்லோரும் வந்து இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். வெங்காயத் தோல் நீரை ஊற்றினால் ஒரே வாரத்தில் கொத்துக் கொத்தாய்க் காய்க்கும் என்று சொல்லும் காணொளிகளுக்கும் இதுவே எங்கள் பதில்.

விற்பனையைப் பற்றி மனத்தாங்கலோடு ஒன்று சொல்ல வேண்டும். நான் கலந்துகொண்ட ஒரு கட்டணப் பயிற்சியில், வீட்டிலிருக்கும் பழைய வாளியிலும் அரிசிச் சாக்கிலும் வளர்க்கலாமா என்று ஒருவர் கேட்டதற்கு நேரான பதிலே வரவில்லை; எந்தப் பை எந்த விலையில் எங்கே கிடைக்கும் என்ற விவரம் மட்டும் வந்தது. வடிகால் துளை இருந்தால் எதிலும் வளர்க்கலாம். விதையைக்கூட ஒவ்வொரு முறையும் வாங்கத் தேவையில்லை. கூடுகையின் முடிவில் விதைப் பரிமாற்றத்துக்கென்று ஒரு பாயை விரித்து வைக்கிறோம். அவரை, தக்காளி, வெண்டை, கீரை விதைகள் அதில் கைமாறுகின்றன. வீரிய ஒட்டு ரகங்களின் விதையை எடுத்து வைத்தால் தாயைப்போல் பிள்ளை வராது என்பதால், நாட்டு ரகம் என்று உறுதியாகத் தெரிந்தவற்றை மட்டும், எடுத்த மாதத்தை உறையில் எழுதி, கொண்டுவரச் சொல்கிறோம். கொடி வகைகள் அக்கம்பக்கத்துச் செடிகளோடு எளிதில் கலந்துவிடுவதால் அவற்றின் விதைக்கு உத்தரவாதம் இல்லை என்பதும் வாங்குபவருக்குத் தெரியும்.

மாடித்தோட்டத்தால் காய்கறிச் செலவு மிச்சமாகும் என்று சொல்லி யாரையும் நாங்கள் அழைப்பதில்லை. கீரையும் மிளகாயும் கறிவேப்பிலையும் கடைக்குப் போகும் தேவையைக் குறைக்கும். ஆனால் பத்துப் பையில் வரும் கத்தரிக்காய் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதும் போதாது. பூச்சிக்கொல்லி படாத காயும், பறித்த கணத்தில் சமைக்கும் சுவையும் வேண்டும் என்பவர்களுக்கு அது பொருட்டாகத் தோன்றுவதில்லை.

உங்கள் தெருவில் இப்படியொன்றைத் தொடங்க விரும்பினால், முதலில் கவனிக்க வேண்டியது தளத்தின் தாங்குதிறன். ஒரு கன அடி ஈரமண் ஏறக்குறைய 50 கிலோ எடை இருக்கும். பதினைந்து பேரும் முப்பது பைகளும் ஒரே இடத்தில் குவியாமல், உத்திரமும் சுவரும் தாங்கும் ஓரங்களில் பரவி இருக்க வேண்டும். பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல்மேல் வைத்தால் நீர் தேங்காது, தளத்தில் ஓதம் இறங்காது. அடுக்குமாடி என்றால் மேல்தளத்து வீட்டுக்காரரின் சம்மதம் கட்டாயம். முடிந்தால் அவரையே முதல் கூடுகைக்கு அழைத்துவிடுங்கள். தொடங்க நல்ல மாதம் ஆடி: அப்போது விதைத்தால் வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் செடிகள் வேரூன்றிவிடும். ஆடியில் மண்கலவையும் விதைப்பும், ஆவணியில் நாற்று நடவும் பதியனும், புரட்டாசியில் பந்தலும் பூவும், மழை ஓய்ந்து தை பிறந்ததும் மறுபடி விதைப்பு என்று ஒரே குழு தொடர்ந்து வரும்படி நாட்களை முன்கூட்டியே குறித்துக்கொடுங்கள். ஒரு கத்தி, ஒரு பழைய துண்டு, ஒரு தண்ணீர் பாட்டில் ஆகியவற்றை அவரவர் கொண்டுவரட்டும். சான்றிதழ் உண்டா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இரண்டு மாதம் கழித்து வேர்விட்ட பதியன் ஒன்று கிடைக்கும் என்று சொல்லி அனுப்புங்கள்.